சத்யா பெயரில் மொய்

வடகாட்டில் ஆடி மாத மொய் விருந்து. வசந்தகுமார் மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. விருந்து வைத்தவன் அய்யப்பன், வசந்தகுமாரின் இறந்துபோன மனைவி சத்யாவின் அண்ணன்.

அய்யப்பன் மொய் எழுதும் மேசையருகே வந்து வசந்தகுமாரின் தோளைத் தொட்டான்.

"மாப்ள, வாங்குன பத்தாயிரத்த மட்டும் வச்சிட்டுப் போங்க. அத்தோட முடியட்டும். ஒங்களுக்கும் வயசிருக்கு."

தன் விருந்தில் வாங்கிய மொய்யை, வைத்தவர் விருந்தில் திருப்பி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வாங்கியதற்கு மேல் கூட்டி வைத்தால் உறவு நீளும். கூட்டி வைத்தவர் அடுத்து விருந்துக்குக் கூப்பிடும்போது அந்த மிகுதியைத் திருப்பிச் செய்யவேண்டும். வாங்கியதை மட்டும் வைத்தால் உறவு அறுந்தது.

அய்யப்பன் நல்லவனாக இருந்ததைத்தான் வசந்தகுமாரால் தாங்க முடியவில்லை. மாசியில் ஒரு ராத்திரி சத்யா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுப்பினாள். வாய்வாக இருக்கும், காலையில் பார்க்கலாம் என்று வசந்தகுமார் திரும்பிப் படுத்தான். காலையில் அவள் விறைத்துக் கிடந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னான்.

பையில் அறுபதாயிரம் இருந்தது. முழுவதையும் வைத்தான். எழுதுகிறவர் பெயர் கேட்டார்.

"சத்யா, ஆலங்குடி."

அய்யப்பனின் கை அவன் தோளிலிருந்து நழுவியது.

"செத்தவ பேருல கூட்டி வச்சா நான் எப்புடி மாப்ள திருப்பிச் செய்வேன்? அவ விருந்துக்குக் கூப்புட்டாத்தானே?"

வசந்தகுமார் மண்டபத்தை விட்டு வெளியே வந்தான். ஊர் திரும்பும்போது பஸ்ஸில், மாசிக்குப் பிறகு முதல்முறையாகக் கண்ணயர்ந்தான். ஏதோ தீர்ந்துவிட்டது போலிருந்தது.

அடுத்த புதன்கிழமை, வெயில் ஏறிய நேரம், கதவு தட்டப்பட்டது.

அய்யப்பன் நின்றான். சலவை வேட்டி. கையில் மஞ்சள் பை. முகத்தில் ரத்தமில்லை.

"பந்தல் போடலயா மாப்ள?" என்றான், தணிந்த குரலில்.

எதற்குப் பந்தல் என்று கேட்டான் வசந்தகுமார்.

"விடியக்காலம் சத்யா வாசல்ல வந்து விருந்துக்குக் கூப்புட்டா. வரலன்னு சொல்ல வாய் வரல." நெற்றியில் ஈரம் காயாத குங்குமத்தைத் தொட்டுக் காட்டினான். "அவ வச்சது. ஊர் பூராம் சொல்லியிருக்கா."

தெருவில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பணப் பைகளோடு.

"சாப்பாடு முடிஞ்சதும் அவளுக்கு எல்லார்ட்டயும் ஒன்னு சொல்லணுமாம், மாப்ள. என்னது அது?"

வசந்தகுமார் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான்.

மாசியிலிருந்து பற்றவைக்காத அடுப்பில் கறி கொதிக்கும் வாடை.

பிறகு, உள்ளே பந்தி இலைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஓசை.

ஒவ்வோர் இலையாக, அது வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது.