சாயம் போன மான்குட்டி

மழை விட்ட பிறகும் காட்டிலிருந்து இறங்கும் வேலியோரக் கால்வாயில் தண்ணீர் காப்பித்தூள் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மண்ணோ சாம்பல் நிறம். விலங்குக் காப்பகத்தில் குட்டிகளுக்குப் புட்டிப்பால் புகட்டுகிறவள், எல்லோர் வாயிலும் 'பால்காரி', குனிந்து தொட்டாள். விரலில் ஒட்டியதை முகர்ந்தாள். தலைச்சாயம். மான்குட்டிக்கு அவள் பூசியது.

அது பிறவியிலேயே வெளுத்த மான்குட்டி. வெள்ளை ரோமம், சிவந்த கண். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. தாயே ஒதுக்கிவிட்டுப் போனதை வளர்த்தவள் பால்காரிதான். காட்டில் விடுமுன், மான்கூட்டத்தோடு சேரும்வரையாவது சிறுத்தை கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பழுப்புச் சாயம் பூசச் சொன்னார் டாக்டரம்மா. அரை மணி நேரம் ஊற வேண்டும். எரிச்சலில் குட்டி கத்தியது. மனசு கேட்காமல் பத்தே நிமிடத்தில் கழுவிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுத்தான் குட்டியைக் காட்டில் விட்டார்கள்.

"ஏக்கா, பொண்ணுக்கு அலங்காரம் முடிஞ்சுதா? மாப்பிள்ளை பாத்துடலாமா?" என்று அன்றைக்குக் கிண்டலடித்த ஓட்டுநரிடம் இப்போது ஓடினாள்.

"சாயம் போயிடுச்சுப்பா. வண்டிய எடு."

"பாதையெல்லாம் சேறுக்கா. காலையில போவோம்."

"காலையில போய் என்னத்தப் பொறுக்குறது?"

அவன் சாவியைத் தேடப் போனான். அதுவரை நிற்க முடியாமல், புட்டியோடு வேலிக்கதவைத் திறந்து அவள் வெளியே நடந்தாள்.

அந்தி மங்கிக்கொண்டிருந்தது, இலைகளிலிருந்து விட்டுவிட்டுச் சொட்டும் நீரும், அழுகிய சருகின் வாடையும், அதற்கடியில் நனைந்த கம்பளிபோல் ஏதோ ஒரு விலங்கின் நாற்றமும், மரங்களுக்கிடையே ஒன்றையொன்று விழுங்கும் நிழல்களும் சேர்ந்து அவள் பிடரியைக் குளிரவைத்தன. பால்வேளையில் செய்வதுபோல் நாக்கைச் சொடுக்கினாள்.

தூரத்தில் குட்டியின் குரல் கேட்டது.

மறுபடி சொடுக்கினாள். குரல் கிட்டே வந்தது.

"வாடி தங்கம். பால் சூடா இருக்கு."

புதர்களுக்கிடையே வெள்ளை தெரிந்தது. ஒரு பொட்டுச் சாயம்கூட மிச்சமில்லை. அந்த இருட்டில் அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

நேராக வந்தது. எதிலும் முட்டாமல்.

சருகு மிதிபடும் ஓசை இல்லை.

அவள் சொடுக்குவதை நிறுத்தினாள். அப்படியும் வந்தது.

நான்கு கால்களும் தரையைத் தொடாமல் தொங்கி ஆடின. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. இருட்டுக்குள் மூச்சு, அதே நனைந்த கம்பளி நாற்றம், மின்னும் இரண்டு கண்கள்.

குட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.