கிழிந்த கேஸ்கெட்

லிண்டன் ஹாஸ்க் தன் ஷெட்டிலேயே செத்துக் கிடந்தான்.

மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஜாக்கி கம்பி.

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரில், பழைய கார் சங்கத்தின் செயலாளர் அவன். காலை எட்டு மணிக்கு உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

"எட்டு மணிக்கு நான் காசில்மெயின் ரோட்டுல நின்னுட்டிருந்தேன்," என்றார் சங்கத் தலைவர் வார்விக் பாஸ்கோ. "கார் நின்னுபோச்சு. கார்புரேட்டர்ல அடைப்பு. நானே கழட்டி, ஊதி, மாட்டினேன். ஒரு மணி நேரமாச்சு."

மத்தியானம் வார்விக்கின் கார் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் நின்றது. சார்ஜென்ட் ப்ரூவெட், நோரீன் டிரான்டரை வரச் சொல்லியிருந்தார். முப்பது வருடமாக கார்புரேட்டர் பார்க்கிறவள்.

வார்விக் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தம்மாவா? டீ போட வந்திருக்காங்கன்னு நினைச்சேன்."

நோரீன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பழைய கார் போட்டிகளில் பதினோரு கோப்பை ஜெயித்த கார். 'உரிமையாளரே புதுப்பித்தது' என்று பித்தளைத் தகடு வேறு. அந்த உரிமையாளரின் நகக்கண்ணில் ஒருநாளும் கிரீஸைப் பார்த்ததில்லை அவள்.

ஸ்டார்ட் செய்தாள். நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும் ஐட்லிங் அவ்வளவு சீராக இருந்தது. யாரோ கைதேர்ந்தவன் செய்த ட்யூனிங்…

"மாட்டினப்புறம் ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்புனீங்க?"

"தேவையான அளவு."

"அதான், எவ்வளவு?"

"காதால கேட்டுத் திருப்புறது. உனக்குச் சொன்னா புரியாது."

எஞ்சினை அணைத்தாள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி கார்புரேட்டர் மூடியைத் தூக்கினாள்.

பர்ர்ர்…

பெட்ரோல் கசியாமலிருக்க மூடிக்கு அடியில் வைக்கும் பேப்பர் கேஸ்கெட் கிழிந்து, பாதி மூடியோடு வந்தது.

"பாத்தீங்களா சார்ஜென்ட்? காலையில மாட்டினது இப்படி ஒட்டிக்குமா? ஒரு வருஷமா இதை யாரும் திறக்கல."

வார்விக்கின் முகம் வெளுத்தது. காரிலேயே சாய்ந்துகொண்டார்.

"லிண்டன்தான்… எல்லா வேலையும் அவன்தான் செஞ்சான். பதினோரு கோப்பையும் தன் வேலையால வந்ததுன்னு சங்கக் கூட்டத்துல சொல்லப்போறேன்னான். கெஞ்சினேன், கேக்கல. கம்பி கைக்குக் கிடைச்சது…"

விலங்கு மாட்டி உள்ளே அனுப்பிவிட்டு வந்தார் ப்ரூவெட்.

"கோர்ட்டுல இந்த கேஸ்கெட்டையே காட்டிடலாம், நோரீன்."

"வேண்டாம், சிரிப்பாங்க. பெட்ரோல்ல ஊறி, எஞ்சின் சூடும் பட்டா, காலையில மாட்டின பேப்பர் மத்தியானமே ஒட்டிக்கும். கழட்டுனா கிழியத்தான் செய்யும்."

ப்ரூவெட் விழித்தார். "அது அந்தாளுக்குத் தெரியாதா?"

"ஒரு தடவையாவது கழட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாள் நோரீன், கையைத் துடைத்தபடி. "அவர் இத்தனை வருஷமும் வாயாலதானே கிழிச்சாரு."