சூடாகும் அறைகள்

காலையில் தன் கையாலேயே முழுச் சூட்டுக்கான ஐந்தாம் எண்ணுக்குத் திருப்பி வைத்த ரேடியேட்டர் குமிழ், மதியம் மறுபடி சூட்டை நிறுத்தும் பனிப்பூக் குறியில் நின்றது. க்ளெனிஸ் ப்ராசர் மாடிப் பின்னறை வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். அறைகளைச் சூடாக்கும் சுடுநீர் குழாய்களில் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்க, இங்கே மட்டும் ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடந்தது. காற்றில் ஈரக் கம்பளியும் தைலமும் கலந்த வாடை. அம்மாவின் வாடை. அம்மாவின் கம்பளிச் சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி, பழைய துணியைத் தானமாக வாங்கி விற்கும் தர்மக் கடையில் போட்டுவிட்டு வந்தவள் க்ளெனிஸ்தான்.

"பழைய குமிழ். தானா நழுவுது," என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஐந்தில் வைத்தாள். யாருக்குச் சொன்னாளோ.

வீட்டை விற்றுவிட்டு இந்தப் பள்ளத்தாக்கையே விட்டுத் தொலைய வேண்டும். எரிசக்திச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்யாமல் தரகர் விளம்பரம்கூடப் போடமாட்டார். வீடு எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிறது என்று பார்க்க இன்று மதிப்பீட்டாளர் வருகிறார். அதில் பயப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் போன குளிர்காலம் முழுக்க அந்தக் குமிழைப் பனிப்பூவில் வைத்தவள் க்ளெனிஸ். ஒரு கிழவிக்காக எரிவாயுவைக் கொட்டுவானேன் என்ற கஞ்சத்தனம். அம்மாவால் குனிந்து அதைத் திருப்ப முடியாது. கரண்டியால் குழாயைத் தட்டுவாள். க்ளெனிஸ் கீழே தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு அங்கிருந்தே கத்துவாள்: "இன்னொரு சட்டை போட்டுக்கோம்மா!" கடைசியில் இருந்த சட்டை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டுதான் அம்மா செத்திருந்தாள். வயசாகிவிட்டது என்றார் டாக்டர். இவளும் வெட்கமில்லாமல் தலையாட்டினாள்.

மதிப்பீட்டாளர் எம்லின் மஞ்சள் கோட்டும் காலுறையுமாக உள்ளே வந்தார். வாசலிலேயே காலணியைக் கழற்றியிருந்தார்.

"டீ வேணாங்கம்மா. வீட்டுக்கு வீடு குடிச்சேன்னா, கழிவறையைத்தான் அளந்துட்டு இருக்கணும்." சிரித்தார். "எல்லா அறையும் சூடாகுதில்ல?"

"எல்லாம் ஆகுது." நாக்கு கூசவில்லை. முகம்தான் எரிந்தது.

அவர் மாடிக்குப் போனார். க்ளெனிஸ் சமையலறையில் நின்று காது கொடுத்தாள். அளவுக் கருவியின் சின்னக் கீச்சொலி, பரண் கதவு திறக்கும் கிறீச்சிடல், தலைக்குமேல் மெத்தென்ற காலடிகள், பிறகு பின்னறைக் கதவு. பிறகு அவருடைய தாழ்ந்த குரல், யாருக்கோ பதில் சொல்வதுபோல. போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். குழாயில் டிக் என்றது. மறுபடி டிக். சூடேறினால் குழாய் தட்டும். எல்லா வீட்டிலும் தட்டும்.

இறங்கி வந்தவரின் உடம்பில் கோட்டு இல்லை.

"ஏங்க, மேல அம்மா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தட்டாம உள்ள போயிட்டேன்." சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கை ஐஸா இருக்குங்க. குமிழ் பனிப்பூல நிக்குது. குளுருதுன்னாங்க, என் கோட்டைப் போத்திவிட்டேன்."

அம்மா செத்து வருஷம் ஆகப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்து எப்படிச் செத்தாள் என்று கேட்பாரே. முன்பின் தெரியாத மனுஷன், பார்த்த மாத்திரத்தில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அவமானத்தில் க்ளெனிஸின் காது மடல்கள் கொதித்தன. தரையைப் பார்த்தாள்.

"திருப்பி வைக்க மறந்துட்டேன்," என்றாள்.

"கோட்டு அவங்களே வச்சுக்கட்டும். வண்டியில வேற இருக்கு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே காலணியை மாட்டிக்கொண்டு போனார். வண்டி சரிவில் இறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டிக். டிக். டிக்.

தெருவுக்கு ஓடலாம். ஓடி என்ன சொல்வாள்? போன வருஷம் இந்தச் சத்தத்துக்கு ஒரு நாளாவது படியேறியிருந்தால் இன்று ஓடத் தோன்றாது. ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் குளிர் கூடியது. கைப்பிடி ஈரமாக இருந்தது.

கதவு திறந்திருந்தது. நான்கு மணிக்கே வெளிச்சம் செத்துப்போகும் மாதம். கட்டிலில் மேடாக ஏதோ இருந்தது. தர்மக் கடைக்குப் போன சட்டைகள். பச்சை. சாம்பல். நீலம். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் கோட்டு, கழுத்துவரை பொத்தான் போட்டு.

"அம்மா... இப்பவே வைக்கிறேன்ம்மா. அஞ்சுல வைக்கிறேன்."

மண்டியிட்டாள். குமிழைப் பிடித்தாள். ஐந்துக்குத் திருப்பினாள். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. தைல வாடை. அவள் விரல்கள்மேல் விரல்கள் வந்து மூடின. மெதுவாகத் திருப்பின. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று.

பனிப்பூ.

ஈரமான ஒரு கம்பளிச் சட்டை அவள் தோளில் விழுந்தது. அதன்மேல் இன்னொன்று.

"இன்னொரு சட்டை போட்டுக்கோடி."

க்ளெனிஸ் திரும்பினாள். முகத்துக்கு மிக அருகில் அந்த முகம். க்ளெனிஸின் வாயிலிருந்து மூச்சு வெண்புகையாக வந்தது. எதிரே இருந்த உதடுகளும் அசைந்தன, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு. அந்த வாயிலிருந்து புகை வரவே இல்லை.