குகையில் விட்டுவந்த துணைவன்

மழை விட்டிருந்த ஒரு மதியம், விமர்சகர் அந்தப் பழைய மாடி வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினார். கதவைத் திறந்த பெண் மருந்துக் கடை வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வாங்க சார். வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"வர்றேன்னு சொன்னேனேங்க" என்றார்.

வாரப் பத்திரிகையில் கணினி விளையாட்டுப் பக்கம் அவருடையது. இந்தப் பெண்ணின் தம்பி, பழைய மாயாஜால விளையாட்டுகள் என்றால் உயிரை விடுகிற ரசிகன். அதே பாணியில் வருடக்கணக்காக உட்கார்ந்து, தானே ஒரு சாகசத்தைக் கட்டி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தான். விமர்சகர் அதைப் பழைய ஜாம்பவான்களோடு ஒப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தார்.

'பழைய விளையாட்டுகளில் நம் வீரனின் துணைவன் நிழல் மாதிரி ஒட்டிக்கொள்வான். நாம் அடுத்த இடத்துக்குப் போனால், கண்மூடித் திறப்பதற்குள் அங்கே நிற்பான். இங்கே வருவதோ ஆமை. குகையிலேயே விட்டுவிட்டு வந்தேன். கோட்டைக் கதவும் திறக்கவில்லை. கற்றுக்குட்டியின் கைவேலை!'

வாசகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். விமர்சனம் அச்சுக்குப் போகும் முன்பே, கதவு திறக்கவில்லை என்று அவர் சொல்லியனுப்பியதைக் கேட்டு, அந்தப் பையன் போன் செய்திருந்தான். "கொஞ்சம் காத்திருந்தீங்கன்னா அந்தத் துணைவன் வந்துடுவான் சார்." அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

இப்போது பையன் இல்லை.

"காய்ச்சல்தான் சார். நெஞ்சுல சளி கட்டிடுச்சு. உங்க மேல பழி போடல" என்றாள் அக்கா, படியேறியபடி. "ஆனா உங்க பத்திரிகை வந்த நாள்லேர்ந்து அவன் அந்த நாற்காலியில உட்காரவே இல்லை."

அதற்குப் பதில் அவள் அவர் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

மாடி அறையில் தைல வாசனை இன்னும் போகவில்லை. மேசைமேல் கணினி. மூலையில், முழங்கால் வரை இரும்புப் பட்டை வைத்த ஒற்றைக் காலணி ஒன்று சாய்ந்திருந்தது.

விமர்சகர் அதையே பார்த்தார். "அந்தத் துணைவனோட நடை..."

"அவனோட நடைதான். சின்ன வயசுலேயே ஒரு கால் விளங்காமப் போயிடுச்சு. தன்னையே அதுல வச்சிருந்தான்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நாளைக்கு இந்தக் கணினியை ஒருத்தர் எடுத்துட்டுப் போறார். அதுக்குள்ள நீங்க ஒரு தடவை முழுசா ஆடிடுங்க. எங்க விட்டீங்களோ அங்கேர்ந்தே. கீழ டீ போட்டுட்டு வரேன்."

அவர் தன் பென் டிரைவைச் செருகினார். சேமித்து வைத்திருந்த இடம் திறந்தது. கோட்டைக் கதவு. அதன் முன்னால் தன்னந்தனியாக அவருடைய வீரன்.

"அக்கா!" என்று குரல் கொடுத்தார். அப்படிக் கூப்பிட்டது அவருக்கே வியப்பாக இருந்தது. "கதவு எப்படித் திறக்கும்?"

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும் சார்!" கீழிருந்து பதில் வந்தது. "அவ்வளவுதான்!"

அவ்வளவுதான். காத்திருந்திருந்தால் போதும்.

வீரனைத் திருப்பிக் குகைக்கு ஓட்டினார்.

குகையில் யாரும் இல்லை.

மணலில் தடம் மட்டும் இருந்தது. ஒரு பாதம், பக்கத்தில் இழுத்த கோடு. ஒரு பாதம், ஒரு கோடு. அது குகையை விட்டு வெளியேறி, காடு தாண்டி, ஆறு தாண்டிப் போனது. விளையாட்டை அணைத்துப் போட்டிருந்த நாளெல்லாம் அவன் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

தடம் கோட்டைக் கதவுக்கு வந்தது. வீரன் இத்தனை நாள் நின்ற இடத்துக்குப் பின்னால் வந்து, அங்கேயே முடிந்தது.

திரையின் அடியில் ஒரு வரி தோன்றியது.

'கொஞ்சம் இருங்க. வந்துட்டே இருக்கேன்.'

டக்... சர்ர்ர்.

விமர்சகர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

டக்... சர்ர்ர்.

மாடிப்படியில்.

"அக்கா, நீங்களா?"

"டீ வடிகட்டிட்டு இருக்கேன் சார்!" குரல் சமையலறையிலிருந்து வந்தது.

தைல வாசனை மூக்கில் குப்பென்று அடித்தது. அவர் எழுந்தார். பால்கனிக் கதவைத் தள்ளி, வெளிப்புற இரும்புப் படிகளில் விழுந்தடித்து இறங்கினார். இரண்டாம் தடவையாக, அவனைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்.

பஸ் நகரத்தின் மறுகோடியை நெருங்கும்போது போன் அடித்தது.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களே சார்." அவள் குரலில் கோபமில்லை. "மூலையில இருந்த அந்தக் காலணியை எடுத்துட்டா போனீங்க?"

"இல்லையே."

"இங்க காணோம்."

அன்றே உட்கார்ந்து புது விமர்சனம் எழுதினார். 'பழைய விளையாட்டுகள் எதிலும் துணைவன் நமக்காக நடந்ததில்லை, தாவித்தான் வந்தான். இவன் ஒருவன்தான் முழுத் தூரமும் நடந்து வந்தான். நான்தான் காத்திருக்கவில்லை.' ஆசிரியர் படித்துவிட்டு, "பழசை ஏன்யா கிளறுறீங்க?" என்று திருப்பிக் கொடுத்தார்.

நாட்கள் ஓடின. வழியில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் பஸ் அந்த வீட்டுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கால் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதும் தெரியும்.

ஒரு மாலை, காய்கறிப் பையோடு வீடு திரும்பியவர் தன் வாசலில் நின்றுவிட்டார்.

நடைபாதைத் தரையில் மணல். ஒரு பாதம், ஒரு கோடு. ஒரு பாதம், ஒரு கோடு. அவருடைய கதவுவரை வந்து நின்றிருந்தது. நட்டநடுவில் அல்ல. பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டு, ஓரமாக.

சாவியைப் போட்டார். சுழலவில்லை. முட்டிப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

பையைக் கீழே வைத்தார். அந்தத் தடத்துக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக, வந்து நின்றார்.

கதவு தானாகத் திறந்தது.

"மன்னிச்சிடுப்பா" என்று முணுமுணுத்தார். உள்ளே நுழையாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

வெறும் வாசலில், அவரைத் தாண்டிக்கொண்டு, மெதுவாக...

டக்... சர்ர்ர்.