நெஞ்செலும்புக்கு அடியில்

மூன்று மாடியையும் எங்கும் நிற்காமல் ஏறி வந்த தம்பி, அக்காவின் தையல் மெஷினுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"இனிமே உள்ள பஞ்சு வெச்சுத் தைக்கிற வேலையெல்லாம் உனக்குக் கிடையாதுக்கா. உடம்போட ஒட்டின மாதிரி ஒரு சட்டை தைச்சுக் குடு, பாக்கலாம்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். பிறவியிலேயே உள்ளே குழிந்த நெஞ்சு அவனுக்கு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், இடம் போதாமல் இதயம் ஓரத்தில் ஒதுங்கிப் படபடக்கும். சர்ஜன் இரண்டு விலாப்பக்கமும் கீறி, வளைந்த எஃகுப் பட்டையை நெஞ்செலும்புக்கு அடியில் செலுத்தித் திருப்பிப்போட்டு, குழியை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார். லேசில் வரவில்லையாம், யாரோ உள்ளே பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இஸ்திரிப் பெட்டியின் சூடும் மெஷின் எண்ணெயின் வாடையும் கலந்த அந்த மத்தியானத்தில், தெருவில் ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவள் இஞ்ச் டேப்பை அவன் மார்பைச் சுற்றிப் பிடித்தாள். டேப் தளர்ந்தது. இறுக்கினாள். மறுபடி தளர்ந்தது. அவன் மூச்சை வெளியே விடவே இல்லை.

"விளையாடாதடா."

அவன் விளையாடவில்லை. ஆஸ்பத்திரியிலேயே தெரிந்ததாம், இருட்டில் கைதவறிப் போட்டதைத் துழாவுகிற மாதிரி உள்ளே ஏதோ தேடிக்கொண்டே இருந்ததாம். அவள் பயப்படுவாள் என்று வாயைத் திறக்கவில்லை.

"இப்ப அதுக்குக் கெடைச்சிடுச்சுக்கா," என்றான்.

மல்லாக்க விழுந்தான். போனில் ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொல்லும்போதே அவளுக்குக் கேட்டது. பொத்தான் தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம். முதல் விலா.

பட்டை வளையவில்லை. அதனால் எலும்பு முறிந்தது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. இரண்டு பக்கமும் தோலைக் கிழித்துக்கொண்டு எஃகின் முனைகள் வெளியே வந்தன. மெஷின் பெடல் வரை ரத்தம். அவள் அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். கீழே இருந்தும் இழுத்தது.

"விட்டுடாதக்கா."

விடவில்லை. தோள் மூட்டு அவள் கையிலேயே கழன்றது. அப்போதும் விடவில்லை. நெஞ்சு இறங்கியது. இன்னும் இறங்கியது. முதுகைத் தொட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் மூன்று பேர் சேர்ந்தும் அவனைத் தரையிலிருந்து பெயர்க்க முடியவில்லை. பிறகு, எதுவோ வேண்டியதை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டது போல, வெறும் துணியாய் எழும்பி வந்தான்.

அக்கா வீடு மாறவில்லை. அவன் கிடந்த இடத்தில் தரை உள்ளங்கை அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. சிமெண்டில் ஒரு கீறல் இல்லை. இறங்கிப் போய்க் கீழ்வீட்டில் அண்ணாந்து பார்த்தாள். மேல்தளம் மட்டமாக இருந்தது. வீடு துடைக்கும்போது தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்குகிறது.

இன்றுவரை அந்தத் தண்ணீர் அசையாமல் நின்றதில்லை.