வலது முன் மூலைக் கீறல்

காலை 6:10. முதலில் அலறியது அம்மா.

கேட்டுக்கு உள்ளே நின்றிருந்த கருநீலக் காரின் வலது முன் மூலையில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் போயிருந்தது. கீறல் பம்பரில் தொடங்கி, மட்கார்டில் ஏறி, சக்கரத்துக்கு மேலே முடிந்தது. அந்தக் கார் இன்னும் அவர்களுடையதுகூட அல்ல. காரின் சொந்தக்காரர் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி விட்டுப் போயிருந்தார். பகல் பன்னிரண்டுக்கு வந்து வேண்டுமா வேண்டாமா என்று கேட்பார்.

டிரைவர் இருக்கையில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்களை மூடி மகள் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். வயது பதினெட்டு. லைசென்ஸ் கைக்கு வந்து பன்னிரண்டு நாள்.

"அடிப்பாவி! இடிச்சிட்டு தியானம் வேற பண்றியா?"

குருவி கண்ணைத் திறந்தாள். "என்னத்த இடிச்சேன்?"

காலை 6:20. மாடி அறையில் அத்தை போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அப்பாவின் அக்கா அவர். இன்சூரன்ஸ் சர்வேயர். நசுங்கிய கார்களையும், நசுங்கிய விதத்தைப் பற்றி மக்கள் சொல்லும் பொய்களையும் பார்த்து அறிக்கை எழுதுவது இருபத்தாறு ஆண்டுகளாக அவர் தொழில். கார் என்ற சொல்லே காதில் விழாமல் ஒரு வாரம் இருக்கலாம் என்றுதான் தம்பி வீட்டுக்கு வந்தார். தம்பியோ ஆறு நாளில் ஒன்பது பழைய கார்களைக் காட்டிவிட்டார். ஒன்றில் எலிகள் குடும்பம் நடத்தின. இன்னொன்றில் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. முதல் எட்டுமே 'ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டி'. இத்தனை டாக்டர்கள் இருந்தும் தன் முழங்கால் வலி ஏன் தீரவில்லை என்பது சர்வேயருக்கு விளங்கவில்லை.

ஒன்பதாவது இந்த நீலக் கார். பதினோரு வருடம் பழசு. ஆனால் பிரேக் பிடித்தது, சீட் பெல்ட் வெட்டி இழுத்தால் பூட்டிக்கொண்டது, ஏர்பேக் விளக்கு எரிந்து முறையாக அணைந்தது. சர்வேயர் தலையசைத்த ஒரே கார் அதுதான்.

"அண்ணி! கீழ வாங்களேன்! உங்க மருமகள் லட்சணத்தப் பாருங்க!"

சர்வேயர் போர்வைக்குள்ளிருந்தே பெருமூச்சு விட்டார்.

காலை 6:35. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். குருவியின் லைசென்ஸ் அதற்குள் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டிருந்தது. சாவி அம்மாவின் கைக்குள்.

"கார் வேணாம். சொந்தக்காரர் வந்தா கால்ல விழுந்து அனுப்பிடுவோம்," என்றாள் அம்மா. "முதல் நாளே இப்படின்னா, நாளைக்கு மெயின் ரோட்டுல என்ன ஆகும்?"

"அம்மா, திங்கக்கிழமை எனக்கு நர்சிங் டிரெயினிங். ஆறு மணிக்கு வார்டுல நிக்கணும். முதல் பஸ்ஸே ஆறு பத்துக்குத்தான். ஹாஸ்டல்லயும் இடமில்ல. கார் இல்லன்னா சீட் போச்சும்மா."

"போகட்டும். நீ முழுசா இருந்தாப் போதும்."

"நான் இடிக்கவே இல்ல!"

"அந்த சிவப்பு வண்டிய எடுத்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" என்றார் தாய்மாமன். பழைய கார்கள் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்பதால் அவர் பெயர் டர்போ. வலது கை மாவுக்கட்டில் இருந்தது. நண்பனின் பைக் எவ்வளவு வேகம் போகும் என்று போன வாரம் நிரூபித்திருந்தார்.

"அந்த சிவப்பு வண்டில சைலன்சர் மட்டும்தான் வேலை செஞ்சுது," என்றார் சர்வேயர். "ஒவ்வொருத்தரா பேசுங்க. எல்லாரும் சேந்து கத்தினா எனக்கு ஆபீஸ் ஞாபகம் வருது."

குருவிக்கு எதிரில் அப்பா தண்ணீர் டம்ளரை நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் ஒரு தொழிற்சாலையின் பஸ் டிரைவர். தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் நீளமான பஸ். இருபத்திரண்டு வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியதற்குக் கொடுத்த கேடயம் டிவிக்கு மேலே இருந்தது. வீட்டில் அவருக்கு ஒரு ஸ்கூட்டர், அவ்வளவுதான்.

காலை 6:50. சர்வேயர் காரைச் சுற்றி வந்தார். கூரையிலும் பின் கண்ணாடியிலும் பனி முத்து முத்தாக நின்றது. பானெட் மட்டும் காய்ந்து கிடந்தது. வெயில் இன்னும் எதிர்வீட்டு மாடியைத் தாண்டவில்லை.

கேட்டின் தூண்கள் இரண்டும் கிரீம் நிறம். சந்து வழியாக வீட்டுக்கு வந்தால் கேட் இடது பக்கம். முதலில் வரும் தூணில் ஒன்றுமில்லை. தள்ளி இருந்த இரண்டாவது தூணில் நீலத் தீற்றல். காரின் கீறல் பம்பரில் ஆழமாகத் தொடங்கிப் பின்னால் போகப் போக மெலிந்தது. உரிந்த பெயின்ட் சுருள்கள் எல்லாம் பின்பக்கமாக ஒதுங்கியிருந்தன.

காலை 7:05. விசாரணை.

"கார் சாவி எங்க இருந்துச்சு?"

"வாசக்கதவு ஆணில," என்றாள் அம்மா. "யார் வேணா எடுக்கலாம். ஆனா நான் எழுந்து வந்தப்ப உள்ள உக்காந்திருந்தது இவதான்."

"உன் வீட்டுக்காரன்?"

"அப்பவும் பக்கத்துல தூங்கிட்டுத்தான் இருந்தாரு."

"நீ எத்தனை மணிக்கு எழுந்த?"

"ஆறுக்கு. அலாரம் அடிச்சுது."

அடுத்து டர்போ. "ஹால்ல படுத்திருந்தியே, சத்தம் ஏதாவது?"

"அஞ்சரை வாக்குல ஒரு இன்ஜின் சத்தம். கனவுன்னு நெனச்சேன். கனவுல சிவப்பு வண்டி."

"குருவி?"

"ஆறு மணிக்குத்தான் வெளிய வந்தேன் அத்தை. ஸ்டார்ட்கூட பண்ணல. சும்மா உக்காந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மனசுல ஓட்டிப் பாத்தேன். மூணு சிக்னல், ஒரு பாலம். பாலத்துல இருக்கும்போது அம்மா கத்திட்டாங்க."

"முன்பக்கம் பாக்கலையா?"

"வண்டியோட பின்பக்கமா சுத்தி வந்து ஏறினேன்."

கடைசியாக அப்பா. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். "நான் ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டு வாங்கலக்கா. இருபது ஐட்டம். நேத்து ராத்திரி ஒன்பதுக்கே முடிச்சிட்டேன், பாரு."

சர்வேயர் படித்தார். டயர், ஸ்டெப்னி, ஹாரன், வைப்பர். பதினேழாவது: 'ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதா'. இருபதிலும் டிக் இருந்தது.

"சொந்தக்காரர் எத்தனை மணிக்கு வண்டிய விட்டாரு?"

"நேத்து சாயங்காலம் ஏழே காலுக்கு. நாப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தாரு, பாவம்."

சர்வேயர் நோட்டை மூடினார். வீட்டில் எதைத் தேடினாலும் முதலில் கிடைப்பது தலைவலிதான் என்ற முகத்தோடு எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

காலை 7:30.

"இன்ஜின் சூட்டுல பானெட் காஞ்சிருக்கு, மத்ததெல்லாம் ஈரம். அதனால வண்டி இன்னிக்கு விடியக்காலைல ஓடியிருக்கு. டர்போ கண்டது கனவில்ல. உரிஞ்ச பெயின்ட் பின்பக்கமா போயிருக்கு. அப்ப வண்டி முன்னால வரும்போது இடிச்சிருக்கு. வெளிய போயிட்டு, திரும்ப உள்ள வரும்போது."

"அதான் சொல்றேன், இவதான்..."

"இரு. புதுசா ஓட்டறவங்க எங்க இடிப்பாங்க தெரியுமா? இடது பின் கதவுல. கேட்டப் பாத்ததும் பயத்துல ஸ்டியரிங்க சீக்கிரமா ஒடிச்சிடுவாங்க. மூக்கு உள்ள போயிடும், பின் கதவு முதல் தூண்ல தேயும். நானே நூத்துக்கணக்குல பாத்திருக்கேன். இது அப்படி இல்ல. வலது முன் மூலை, ரெண்டாவது தூண். ஓட்டினவர் கேட்ட நல்லாத் தாண்டினப்புறம்தான் ஸ்டியரிங்க ஒடிச்சிருக்காரு. பயந்தவங்க லேட்டா ஒடிக்க மாட்டாங்க. பழகினவங்கதான் ஒடிப்பாங்க."

"என்ன பழக்கம்?" என்றார் டர்போ.

"பஸ் பழக்கம். அதுல டிரைவர் சீட் முன் சக்கரத்துக்கும் முன்னாடி இருக்கு. தான் திருப்பத்தத் தாண்டினப்புறம்தான் ஒடிக்கணும், இல்லன்னா பின்பக்கம் ஏறிடும். இருபத்திரண்டு வருஷம் அப்படி ஒடிச்ச கை, கார்லயும் அப்படித்தான் ஒடிக்கும்."

யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

"நோட்ட ஏன்டா காட்டின?" என்றார் சர்வேயர், அலுத்துப்போய். "ஆறின இன்ஜின்னா ராத்திரி முழுக்க நின்னிருக்கணும். நாப்பது கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி ஒன்பது மணிக்கு எப்படிடா ஆறும்? அந்த டிக் காலைலதான் போட முடியும். இடிச்சதுக்கப்புறமும் டிக் போட்டிருக்க பாரு!"

அப்பாவின் தோள்கள் இறங்கின.

"ஸ்டார்ட் மட்டும் பண்ணிப் பாக்கலாம்னுதான் போனேன். அப்புறம் கிளட்ச் எப்படி இருக்கோ, பாவம் குழந்தை ஓட்டப்போறான்னு ஒரு சுத்து சுத்தினேன். திரும்பும்போது..." தூணைக் காட்டினார். "எழுந்ததும் சொல்லிடலாம்னு வந்து படுத்தேன்க்கா. அதுக்குள்ள இவ கத்திட்டா. எல்லாரும் குருவியப் பாத்தாங்க. நானும் பாத்தேன்."

குருவி அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒன்னரை மணி நேரம்ப்பா," என்றாள். "அந்த மேஜைல எனக்கு எதிர்லதான் உக்காந்திருந்தீங்க."

"தப்புதான்மா."

"என்கிட்ட சொன்னாப் போதாது. வர்றவர்கிட்டயும் நீங்களே சொல்லணும்."

அம்மா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. லைசென்ஸை மகள் கையில் வைத்துவிட்டு, கணவரிடம் திரும்பி, "உங்க லைசென்ஸக் குடுங்க," என்றாள். கொடுத்தார். மறுபடியும் பீரோ பூட்டும் சத்தம்.

பகல் 12:00. சொந்தக்காரர் வந்தார். புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழில் அவருக்கு. விரல் நுனியில் பசை காய்ந்திருந்தது. காரை ஒரு சுற்று பார்த்தார். கீறலில் விரலை ஓட்டினார். பிறகு, எல்லோரையும் போல, சின்னப் பெண்ணைப் பார்த்தார்.

"நான்தாங்க இடிச்சேன்," என்றார் அப்பா. சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி.

"நீங்களா? பஸ் ஓட்டறேன்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க."

அட்டை கட்டுபவர் தூணையும் கீறலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓட்டப்போறது யாரு?"

"பொண்ணு."

"அப்ப எடுத்துக்கோங்க. உங்களுக்குன்னா குடுக்கறதா இல்ல." சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் குருவியிடம் அவரே நீட்டினார். "என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடும்மா. உன் ஓட்டத்தையும் பாத்த மாதிரி இருக்கும்."

அப்பா முன் கதவைத் திறக்கப் போனார்.

"பின்னாடி உக்காருங்கப்பா. முன்னாடி அத்தை."

அவர் பின்னால் ஏறி, அட்டை கட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். குருவி மூன்று கண்ணாடிகளையும் பார்த்தாள். கார் மெதுவாகப் பின்வாங்கி, இரண்டு தூணுக்கும் நடுவில் வெளியேறி, சந்தில் திரும்பியது. அப்பாவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை, வழி முழுக்க மிதித்துக்கொண்டே இருந்தது.