அம்புக்குறி திரும்பிய வருடம்

கதவு திறந்தது. முதலில் வெள்ளையாய் ஆவி வந்தது. ஆவிக்குப் பின்னால் ஒருவன் வந்தான்... ஒரு கையில் குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பூர்ச்ச இலைக் கொத்து, மறுகையில் இடுப்புத் துண்டின் முடிச்சு, உடம்பெல்லாம் வேகவைத்த பீட்ரூட் நிறம்.

"அய்யோ!" என்றாள் சைமி.

"அய்யய்யோ!" என்றான் அவன்.

சைமி சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். எதிரே ஏரி. ஏரி முழுக்க மழை. அந்த மழைக்கு ஒதுங்கத்தான் இந்த மரக்குடிலின் தாழ்வாரத்துக்கு ஓடி வந்திருந்தாள். ஏதோ பழைய விறகுக் கொட்டகை என்று நினைத்துவிட்டாள். புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்க்காமல் ஃபின்லாந்தில் பிறந்த ஒருத்தி ஏரிக்கரைக் குடிலில் கால் வைப்பாளா? சைமி வைத்துவிட்டாள். அவள் கண் புகைபோக்கியில் இல்லை, கையிலிருந்த வரைபடத்தில் இருந்தது.

ஆனாலும் திரும்புவதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில் ஒன்றைப் பார்த்துத் தொலைத்துவிட்டாள். அவன் கண்கள். மழை விழுகிற ஏரி என்ன நிறமோ, அதே நிறம்...

சீ, இது வேறயா!

"யாருங்க நீங்க? இங்க என்ன பண்றீங்க?" முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மழை பெய்யுது. ஒதுங்கினேன். தப்பா?"

"இது என் சவுனா. ஆவியில குளிக்கிற எடம்."

"ஒரு போர்டு வைக்க வேண்டியதுதானே?"

"சவுனாவுக்கு எவங்க போர்டு வைப்பான்? கீழ மஞ்சள் நாடா கட்டியிருக்கேனே, அதை எப்படித் தாண்டுனீங்க?"

"குனிஞ்சு."

"அது குனியறதுக்குக் கட்டுனது இல்ல."

"காட்டுல யாரு வேணா நடக்கலாம், பழம் பறிக்கலாம். இந்த நாட்டுல எல்லாருக்கும் அந்த உரிமை உண்டு. தெரியுமில்ல?" ஏரியைப் பார்த்தபடியே பொரிந்தாள் சைமி.

"காட்டுல தாராளமா நடங்க. ஒருத்தன் குளிக்கிற எடத்துல நடக்க யாருக்கும் உரிமை இல்ல."

நியாயம்தான். அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"இந்த மாசக் கடைசியில கார் ரேலி வருது. கீழ ரோட்டோரத்துல அந்த மண்கரை இருக்கு பாருங்க, அதுமேல எங்கப்பாவை உட்கார வைக்கணும். மேட்டுல கார் தாவுறதைப் பார்க்க அதைவிட நல்ல எடம் இல்ல. அவரால ரொம்ப தூரம் நடக்க முடியாது. நீங்க நாடாவை அவிழ்த்துடுங்க, நான் போயிடறேன்."

"அங்க யாரும் உட்கார முடியாது."

"ஏன்?"

"ஆபத்து."

"போன வருஷம் அவ்வளவு கூட்டம் அங்கதானே நின்னுச்சு? வீடியோவுல பார்த்தேனே!"

"இது போன வருஷம் இல்ல."

அடுத்த வாக்கியத்துக்காக சைமி காத்திருந்தாள். அது வரவேயில்லை. இந்தப் பக்கத்து ஆண்கள் சொற்களைக் குளிர்கால விறகு மாதிரி அடுக்கி வைத்துக்கொள்வார்கள். செலவழிக்கவே மனசு வராது.

"ஏரிக்கரை வச்சிருக்கவர் ஆபத்துன்னா ஆபத்து! அடுக்குமாடியில குடியிருக்கிறவ காரணம் கேட்கக் கூடாது, அதானே? ரொம்ப சந்தோஷம் சார். நல்லா குளிங்க!"

கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்து, தலையைத் துவட்ட ஒன்றும் இல்லாமல் நின்றபோதுதான் நினைவு வந்தது. வாளி! ப்ளூபெர்ரிப் பழம் பறித்துப் போட்டிருந்த வாளியை அந்தத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

*

"என் நாற்காலி எங்கடி?" என்றார் அப்பா ரெய்னோ.

குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும்போது அவர் கவிழ்த்துப் போட்டு உட்காருவது அந்த வாளிமேல்தான். வேறு எதன் மேலும் அவருக்குக் குந்த வராது.

"விட்டுட்டேம்பா. நாளைக்கு எடுத்துட்டு வரேன்."

"யாருகிட்ட சண்டை போட்ட?"

"யாருகிட்டயும் இல்ல."

"மூஞ்சியிலதான் எழுதியிருக்கே."

ரெய்னோ வாழ்நாள் முழுக்க மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். யுவாஸ்கிலா நகரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு காட்டுச் சாலையும் அவருக்கு அத்துப்படி. ஆனால் ரேலியை மட்டும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. உலகமே அந்தச் சாலைகளுக்குத் திரண்டு வரும் வாரத்தில்தான் அந்தச் சாலைகளை மூடுவார்கள். மூடினால் லாரி சுற்றுவழியில் போக வேண்டும். சுற்றுவழி என்றால் இரட்டிப்பு நேரம். ஊர் கொண்டாடும்போது அப்பா எங்கோ ஒரு தார்ச்சாலையில், வானொலியில் அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவார். அப்படி ஓட்டிய காசில்தான் சைமி படித்தாள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இப்போது அவருக்கு ஓய்வு இருக்கிறது, இடுப்பு இல்லை. ஊன்றுகோல் இரண்டும் சேர்ந்தால்தான் தெருமுனை வரை போக முடியும்.

இந்த வருடம் எப்படியும் காட்டிவிடுவது என்று சைமி சபதமே செய்திருந்தாள். வார்த்தைக்கு வறுமை பிடித்த ஒரு துண்டுக்காரனா அதைத் தடுப்பது?

*

மறுநாள் வெயில். ஈர மண்சாலையில் கோபத்தை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து வந்தாள் சைமி. மேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கால்கள் தாமாக நின்றன.

சாலையோரத்தில் புதிதாக ஓர் அம்புப் பலகை அடித்திருந்தது. கார்கள் போகும் திசை.

அம்பு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள், அம்பைப் பார்த்தாள். வீடியோவில் கார்கள் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் தாவின. மண்கரை இந்தப் பக்கம், காருக்கு முதுகுப்புறம். இந்த வருடம் பாதையை எதிர்த்திசையில் ஓட்டப் போகிறார்கள்! அந்தப் பக்கம் ஏறி... இந்தப் பக்கம் தாவி... தரையில் விழுகிற கார் வளைவில் கொஞ்சம் தவறினால் நேராக வந்து மோதுவது...

மண்கரையில். அவள் அப்பாவை உட்கார வைக்க இருந்த அதே இடத்தில்.

பழைய வருடத்துத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு பேசினோம்... ஏரியைப் பார்த்து!

பின்னால் டிராக்டர் சத்தம். அவன்தான். இந்தத் தடவை முழுச் சட்டை, முழு பேண்ட், அதற்கு மேல் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆரஞ்சு நிற மேலங்கி. கண்கள் மட்டும் அதே நிறம். வெயிலிலும் மழை பெய்யுமா ஒருவன் கண்ணில்?

"வாளியா?" என்றான்.

"ஆமா."

"வாங்க."

சாலைக்கு மேலே, பெரிய பாறையின் தலையில் இருந்தது சவுனா. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கீழே மேடும் வளைவும். தாழ்வாரத்து பெஞ்சில் கழுவித் துடைத்த வாளி. பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் ப்ளூபெர்ரிப் பணியாரம் பாதி.

"பழம் கெட்டுப் போயிடும்னு... சுட்டுட்டேன். உங்க பழம், என் மாவு. அதனால பாதி உங்களுக்கு."

"மீதிப் பாதி?"

"நல்லா இருந்துச்சு."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பெஞ்சின் இந்த முனையில் அவள் உட்கார்ந்தாள். அந்த முனையில் அவன். நடுவில் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம்... அவர்கள் ஊரில் அதுதான் மரியாதை.

அவன் பெயர் இல்மரி. மாட்டுப் பண்ணை. ரேலிக்கு இந்த வளைவின் பாதுகாப்பு அவன் பொறுப்பு.

"உங்கப்பாவால எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எதுக்கு?"

"எல்லாரும் நிக்கற எடம் காட்டுக்குள்ள ரொம்ப தூரம். அவரால ஆகாது. இங்க கூட்டிட்டு வாங்க. இந்தத் தாழ்வாரம் உசரம், பாறைக்குப் பின்னால. கார் எட்டாது. வாசல் வரைக்கும் கார்ல கொண்டாந்து விடலாம்."

சொந்தக்காரர்களையே யோசித்துத்தான் சவுனாவுக்கு அழைப்பார்கள். இவன், திட்டிவிட்டுப் போனவளின் அப்பாவை அழைக்கிறான். மனசு இளகினால் சைமிக்கு அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும்.

"பாவம் பார்க்கறீங்களா? லாரிக்காரர், நொண்டிக்கிட்டு வராரு, ஒரு ஓரமா உட்காரட்டும்னு? எங்களுக்கு யாரு தயவும் வேணாங்க."

இல்மரியின் காது சிவந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பணியாரத்தில் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

*

"அந்தப் பையன் கூப்பிட்டான். நீ வேணாம்னுட்ட." ரெய்னோ காபிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தமே சரியில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உங்களுக்காகத்தாம்பா. யாருகிட்டயும் கைநீட்டக் கூடாதுன்னு..."

"எனக்கு ரேலி பார்க்கணும்டி! அவன் தொழுவத்துல உட்கார வச்சாலும் பார்ப்பேன். ரோஷம் உன்னுது, பட்டினி எனக்கா?"

அன்றிரவு படுக்கையில் புரண்டபோதுதான் சைமிக்கே தெரிந்தது. அப்பாவுக்காக வந்த கோபம் இல்லை அது. அந்தக் கண்களுக்கு முன்னால் தான் சின்னதாகிவிடக் கூடாது என்ற கோபம்.

சனிக்கிழமை ஊரே கூடி இனாமாக வேலை செய்யும் நாள். மரத்துக்கு மரம் நாடா இழுத்துக் கட்ட வேண்டும். முடிந்ததும் எல்லோருக்கும் பட்டாணி சூப். கூப்பிடாமலே போய் நின்றாள் சைமி. இல்மரி அவளைப் பார்த்தான். நாடாச் சுருளின் ஒரு முனையை நீட்டினான்.

மதியம் வரை அவள் இழுத்தாள், அவன் கட்டினான். கடைசி மரம் அந்த மண்கரைக்குப் பக்கத்தில்.

"அம்பைப் பார்த்தேன்," என்றாள் தரையைப் பார்த்து. "அன்னைக்கு நீங்க சொன்னது சரி. அப்புறம் அந்தத் தயவு, கியவுன்னு உளறினேனே... அது தப்பு. எங்கப்பா வரலாமா?"

"சும்மா வந்து உட்கார முடியாது."

அவள் முகம் வாடியது.

"தொத்திறைச்சி சுடணும்," என்றான் இல்மரி. "நான் சுட்டா கருகிடும்."

இப்படித் திருப்பித் தர ஒரு வழி விட்டு ஒருவன் உதவி செய்வானா? தலையை நிமிர்த்தினாள் சைமி. மழை விழுகிற ஏரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது...

"அந்தப் பணியாரம்?"

"முடிஞ்சுடுச்சு."

"முழுசாவா?"

"நீங்கதான் வேணாம்னுட்டீங்களே."

*

ரேலி நாள். சாலையை மூடியாயிற்று. ரெய்னோ தாழ்வாரத்தில் தன் வாளிமேல் ராஜா மாதிரி வீற்றிருந்தார். கையில் இடுக்கி, முன்னால் அடுப்பு. ஊன்றுகோல்கள் ஓரமாகக் கிடந்தன.

முதலில் குருவிகள் அடங்கின. அப்புறம் காட்டுக்குள் எங்கோ ஓர் உறுமல்... மரங்களுக்கு நடுவே நெருங்கி, பெருகி... மேட்டின் தலையில் ஒரு கார் முளைத்தது. நான்கு சக்கரமும் தரையை விட்டன. ஒரு கணம் அது வானத்தில் நின்றது. பிறகு தடாலென்று விழுந்து, மண்கரையை உரசிப் புழுதி கிளப்பி, வளைவில் மறைந்தது.

அந்த மண்கரையில் யாரும் இல்லை. மஞ்சள் நாடா மட்டும் படபடத்தது.

"அடேய்!" ரெய்னோ ஊன்றுகோல் இல்லாமலே பாதி எழுந்துவிட்டார். "இந்த மேட்டுலதாண்டா ஒரு பனிக்காலம் பூரா என் லாரி நகராம நின்னுச்சு! இவன் பறக்கறான்... பறக்கறாண்டா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றார்.

சைமிக்கு எதுவும் தெரியவில்லை, அவளுக்கும் புகைதான்.

கார்கள் எல்லாம் போய்ச் சாலை அமைதியான பிறகு வேலையை முடித்துக்கொண்டு இல்மரி ஏறி வந்தான். தலையெல்லாம் புழுதி. பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேட்கணும்," என்றாள் சைமி. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, இந்த வருஷம் எதிர்த்திசைன்னு? ஒரே ஒரு வரி. எவ்வளவு சண்டை மிச்சமாகியிருக்கும்!"

"எனக்கு வாய் வராது. வழின்னா கையைக் காட்டித்தான் சொல்லுவேன்."

"அப்ப காட்ட வேண்டியதுதானே?"

"நீ திரும்பி நின்னே. திரும்பாம இருந்தாலும்... ஒரு கையில இலைக்கொத்து. இன்னொரு கையில துண்டு. எந்தக் கையை விடச் சொல்ற?"

சைமி சிரித்தாள்... வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல். அவன் 'நீ' என்று சொன்னதை அவள் கவனித்தாள். திருத்தவில்லை.

"சைமி." அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மழையில முதுகைக் காட்டிக்கிட்டு இந்த ஏரியோட சண்டை போட்டியே... உள்ள போய்க் கதவைச் சாத்துன பிறகும் எனக்குக் குளிக்க ஓடல. இவ நாளைக்கும் வந்து திட்டணுமேன்னு இருந்துச்சு. வாளியைப் பார்த்தேன். அப்பாடா, இவ வருவான்னு..." நிறுத்தினான். "எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு."

அவன் அடுக்கி வைத்திருந்த விறகு மொத்தமும் அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்கும்," என்றாள் சைமி. "அன்னைக்கே. திரும்பறதுக்கு முன்னாடி, அந்த ஒரு நொடியில." உடனே பதறினாள். "கண்ணைச் சொல்றேன்! கண்ணை!"

அவன் காது பீட்ரூட் ஆனது.

"அடுத்த வருஷம் எந்தத் திசையில ஓட்டுவாங்க?"

"இப்பவே தெரியாது."

"எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் நான் இங்கதான் உட்காருவேன். நாடா கட்டினா அறுத்துக்கிட்டு வருவேன்."

"தம்பி!" அடுப்புப் பக்கத்திலிருந்து ரெய்னோ திரும்பாமலே குரல் கொடுத்தார். "இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா நான் சுட்டாலும் கருகிடும்டா!"

இல்மரி சைமிக்கும் தனக்கும் நடுவில் இருந்த மூன்றாவது ஆளின் இடத்துக்கு, மெதுவாக, நகர்ந்து உட்கார்ந்தான்.